மணிமதில் கோட்டைக்கு ஒரு கேட் பாஸ்

பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணை வீட்டை விட்டுத் துரத்தியே தீருவது என்று கிருஷ்ணப்பன் முடிவெடுத்தபோது காலை மணி ஐந்தே கால். கையில் டீ இல்லை.

டீ இல்லாததுதான் விஷயமே. பத்தொன்பது வருஷமாக, முதல் ஷிஃப்ட் போகும் நாளெல்லாம், ஐந்து பத்துக்கு டம்ளர் கைக்கு வந்துவிடும். அன்றைக்கு டம்ளர் வரவில்லை. வசனம் வந்தது.

"குதிரையத்தான் கேட்டேன், குதிரைக்காரனைக் கேக்கல," என்றாள் ரமாபாய்.

"இன்னாமே சொல்ற? நான் டீ கேட்டேன்."

"நங்கை சொல்றா. மூணாவது இளவரசன் வந்து, என்னைக் கட்டிக்கினா ஆயிரம் குதிரை தரேன்றான். அதுக்கு இவ சொல்ற பதிலு. இன்னா வாயி பாரு அவளுக்கு."

"அவ வாயில கொள்ளி வைக்க. டீ எங்க?"

"பாலு பிரிட்ஜ்ல கீது. டீத்தூளு நீலமூடி டப்பாவுல கீது. நான் நாப்பத்தொம்பதாவது அத்தியாயத்துல கீறேன்."

கேட்டீர்களா? ஒரு மனுஷன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறான். அவன் பெண்டாட்டி ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதைக் கேட்க நாதியில்லை.

வினை வந்த வழியைச் சொல்கிறேன். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ராசையா அண்ணாச்சியின் பழைய பேப்பர் கடை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டில் சேர்ந்த பேப்பரையெல்லாம் எடைக்குப் போடச் சொல்லி ரமாபாயை அனுப்பியது சாட்சாத் கிருஷ்ணப்பன்தான். போனவள் திரும்பும்போது ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தாள். யாரோ ஒரு புண்ணியவதி, அந்தக் காலத்து வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, மேலே காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருந்தாள். பெயர் 'மணிமதில் நங்கை'. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதைக் கிருஷ்ணப்பன் எடை போட்டு வாங்கியிருந்தார்.

அந்த நங்கை இருக்கிறாளே, ஒரு இடத்தில் அடங்கி உட்காரமாட்டாள். மூன்றாம் அத்தியாயத்தில் கயிறு கட்டி மதிலிறங்கிச் சந்தைக்குப் போகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் குதிரை வியாபாரியையே குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கிறாள். பெண் கேட்டு வந்த மூன்று இளவரசர்களுக்குப் பரீட்சை வைக்கிறாள். முதலாமவனைத் தண்ணீர் இறைக்கச் சொன்னாள், அரைக் குடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாமவனை மாவு அரைக்கச் சொன்னாள், அழுதுவிட்டான். மூன்றாமவனை ஒரு நாள் முழுக்கப் பேசாமலிருக்கச் சொன்னாள். அவன்தான் ரொம்பச் சீக்கிரம் தோற்றவன்.

இதை ரமாபாய் தனியாகப் படித்துத் தொலைத்திருந்தாலாவது போகிறது. வாரியக் குடியிருப்புக்குத் தண்ணி லாரி சாயங்காலம் நாலு மணிக்கு வரும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பெண்களெல்லாம் காத்திருப்பார்கள். ரமாபாய் கவிழ்த்த குடத்தின் மேல் குந்தி, உரக்கப் படிப்பாள். படிக்கிறவள் எழுந்திருக்கக் கூடாதென்று அவள் குடங்களை மற்றவர்கள் பிடித்து வைத்துவிடுவார்கள். எதிர்வீட்டுச் சொக்கம்மாள் அவற்றை இரண்டாவது மாடி வரை தூக்கிக் கொடுத்தும் விடுவாள். ஒரு குடம் தூக்காமல் மூன்று மாதம் தண்ணீர் பிடித்த ஒரே பெண் வடசென்னையில் ரமாபாய்தான்.

விளைவு என்ன? அந்த பிளாக்கில் இருந்த இருபத்துநாலு வீட்டிலும் நங்கை குடியேறிவிட்டாள். மேல்மாடி ஜோ தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறான். பக்கத்து வீட்டு பிராங்கிளின் மீன் ஆய்கிறான், அதுவும் வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்க. எவனைக் கேட்டாலும், "இன்னாண்ணா பண்றது, பரீட்சை வெக்கிறாங்க," என்கிறான்.

இதைக்கூடக் கிருஷ்ணப்பன் பொறுத்திருப்பார். பெரிய பேஜாரு வேறு ரூபத்தில் வந்தது.

போன வருஷம் மகளிர் குழுவில் இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ரமாபாய் போனாள், ஓட்டினாள், லைசென்ஸும் வாங்கினாள். ஏதோ கோலப் போட்டிக்குப் போவதுபோலப் போய்வருகிறாள் என்று கிருஷ்ணப்பன் நினைத்திருந்தார். இப்போது மணலி புதுநகரில் ஒரு பள்ளிக்கூடம் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

"வேனா? நீயா?" என்றார் கிருஷ்ணப்பன்.

"ஏன், வேனு இன்னா கப்பலா?"

"காலைல எனிக்கு டீ யாரு போடறது?"

"லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆவுது. கனவுலகூட கியர் மாத்தறேன். நீ டீயில நிக்கிற."

"நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"நாலு பேரு புள்ளைங்களும் என் வேன்லதான் வரும். இன்னா சொல்லுவான், பாத்து ஓட்டுன்னு சொல்லுவான்."

சொல்லிவிட்டு லைசென்ஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கிருஷ்ணப்பனுக்கே புரிந்தது. புரிந்ததனால்தான் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. நாலு நாள் சண்டை ஓடியது. வெள்ளிக்கிழமை, தண்ணி வரிசையைக் கடந்து போன கிருஷ்ணப்பனை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் ரமாபாய் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"இந்தாய்யா, தெனம் தெனம் ஒன்னாண்ட மல்லுக்கு நிக்க என்னால ஆவாது. இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. நங்கை கோட்டைய வுட்டுக் கெளம்பினா நான் வேன் ஏறுவேன். அவ கோட்டையிலயே தங்கினா நானும் வூட்லயே தங்கிடறேன். சத்தியம்."

"சாட்சி நானு," என்றாள் சொக்கம்மாள்.

அவ்வளவு நம்பிக்கை அந்த நங்கை மேல். பக்கத்தைப் புரட்டினாள், ஐம்பத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்தாள். விடியற்காலை. நங்கை குதிரையோடு கோட்டை வாசலில் நிற்கிறாள். எதிரே அவள் மனசுக்குப் பிடித்த நாலாவது இளவரசன் ஆதித்தவேள். வாசலைத் தாண்டுவாளா? 'அடுத்த இதழில் முடியும்.' அப்புறம் காலண்டர் அட்டை. கடைசி வாரத்துப் பத்திரிகையை அந்தப் புண்ணியவதி வாங்கவில்லையோ, வாங்கி வடை மடித்தாளோ, யார் கண்டது.

ரமாபாய் முகம் தொங்கிவிட்டது. அண்ணாச்சி கடையில் அந்தப் பழைய இதழ் கிடைத்தால் எடுத்துவைக்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். கிருஷ்ணப்பன் மறுநாள் ஷிஃப்ட் முடித்து நேராக அதே கடைக்குப் போனார்.

"கெடைச்சிதா அண்ணாச்சி?"

"எங்க கெடைக்க? கடையவே கவுத்துப் போட்டுப் பாத்தாச்சு. அந்த இதழ் மட்டும் இல்ல."

"இல்லன்னா இன்னா. எயுதிக்கலாம்."

ராசையா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "என்ன வே, கதை எழுத ஆரம்பிச்சுட்டீரா?"

"பழுத்த வெள்ளத் தாளு நாலு குடு. நாளைக்கு வந்து கேட்டா, மூட்டைக்குள்ள கெடந்துச்சுன்னு குடுத்துடு. ஒரு குடும்பத்தக் காப்பாத்தற விஷயம்."

"எனக்கென்ன, தாளுக்கு எடை போட்டா சரி. குடும்பத்தை நீரே பாத்துக்கிடும்."

கிருஷ்ணப்பன் எழுதுவதற்குப் புதியவர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் அவர் பத்தொன்பது வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க, என்ன வேலை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அவர் ரிஜிஸ்டரில் ஏறாமல் அந்த யார்டுக்குள் காக்கை பறக்காது. பாஸில் கையெழுத்து இல்லையென்றால் மேனேஜரின் மாமனாரேயானாலும் வெயிலில் கிடக்கும் மரபெஞ்சுதான். அதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "சார் வெளிய போயிகீறாரு. வர்ற வரைக்கும் அப்டி ஓரமா குந்து."

அடுத்த நாள் ஞாயிறு. அன்றைக்கும் முதல் ஷிஃப்ட்தான், லாரி குறைவு. ஐம்பதாவது அத்தியாயத்தையும் ஐம்பத்தொன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். முந்தின நாற்பத்தொன்பதை யார் படிப்பது? நடை பிடிபட இரண்டு போதும். எழுதினார். எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. பத்து மணிக்கு டி.டி.பி. கடையில் கொடுத்து, பழுத்த தாளில் அச்சடித்து, இன்னும் பழுக்கட்டும் என்று கேட்டுக்கு எதிரே டீக்கடை டிகாஷனில் முக்கி, பாஸ் குத்தி வைக்கும் கம்பியில் தொங்கவிட்டு உலர்த்தினார். ஷிஃப்ட் முடிந்து போகும் வழியில் அண்ணாச்சியிடம் சேர்த்தார். மூன்று மணிக்கு அது ரமாபாய் கைக்கு வந்துவிட்டது.

நாலு மணி வரிசைக்குக் கிருஷ்ணப்பன் தானே இறங்கி வந்தார். தானே இரண்டு குடத்தையும் தூக்கிவந்தார். எல்லாப் பெண்களும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ரமாபாய் தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அண்ணாச்சி கடைப் பேப்பருல ஏலக்கா வாசன வருது," என்றாள். பிறகு படித்தாள்.

"'அதிகாலை 5.40 மணிக்கு நங்கை கோட்டை வாசலை வந்தடைந்தாள். உடன் வந்தவர்: தோழி ஒருத்தி. வாகனம்: வெள்ளைக் குதிரை ஒன்று. கையில் கொண்டுவந்த பொருள்: வாள் ஒன்று. வாளை வாசலில் ஒப்படைத்தாள்.'"

ரமாபாய் தாளை மறுபடி முகர்ந்தாள். தாளைப் பார்த்தாள். கிருஷ்ணப்பனைப் பார்க்கவில்லை. எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி மேலே படித்தாள்.

"'ஆதித்தவேள் அவளைக் கண்டான். அவன் நெஞ்சில் காதல் பொங்கியது. கண்ணே, வெளியே செல்ல அனுமதிச் சீட்டு உள்ளதா என்று கேட்டான். நங்கை நாணித் தலைகுனிந்தாள். இல்லை நாதா என்றாள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் வாசலைத் தாண்டலாகாது, இதுவே விதி என்றான் அந்த வீரன். விதியை மீறத் துணிந்தேனே, பேதை நான் என்று நங்கை கண்ணீர் உகுத்தாள். போகட்டும், போய் எனக்குச் சூடாக ஏதாவது போட்டுக் கொண்டுவா என்றான். அவள் குதிரையைக் கொட்டடியில் கட்டிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். உள்ளே சென்ற நேரம் 5.55. குதிரையும் மகிழ்ச்சியோடு கனைத்தது. முற்றும்.'"

லாரிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை.

"இன்னாது, பாஸா?" என்றாள் சொக்கம்மாள். "நங்கைக்கா?"

"கயிறு கட்டி மதிலு எறங்கினவளுக்கு இன்னாத்துக்கு பாஸு?" என்றாள் இன்னொருத்தி.

"யாருது கோட்ட அது? அவ ஆத்தா சீதனமா குடுத்த கோட்ட. மொதல் அத்தியாயத்துலயே வருதே. அந்த ஆதித்தவேளு மயைக்கு ஒதுங்க வந்தவன். ஒண்ட வந்தவன் பாஸ் கேக்கறானா?" என்று சொக்கம்மாள் மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணப்பனுக்குத் திக்கென்றது. முதல் அத்தியாயமா? அதை யார் படித்தார்கள்? ஆனாலும் எழுதினவனுக்குத் தன் எழுத்தை ஒருவர் குறை சொன்னால் பொறுக்குமா? அதுவும் பாஸ் விஷயத்தில்?

"ரூல்னா ரூலுதான்," என்றார். "கோட்டைன்னா ஒரு கேட் கீது. கேட்னா ஒரு ரிஜிஸ்டர் கீது. அந்தக் காலத்துல எவ்ளோ ஒயுங்கா இருந்துகிறாங்க பாரு. எயுதினவன் வெவரம் தெரிஞ்சவன்."

ரமாபாய் தாளை நாலாக மடித்தாள். "ஒங்க யார்டுல எப்டி? பாஸு யாரு குடுப்பாங்க?"

"எடம் யாரு பேருல கீதோ அவங்க குடுக்கணும். இல்ல, அவங்க சொல்லி எங்கள மாதிரி ஆளு குடுக்கணும்."

"எடத்துக்குச் சொந்தக்காரங்க வெளிய போனா?"

"அவங்க பாஸ அவங்களே எயுதிக்குவாங்க. மத்தவன்தான் கேட்டு வாங்கணும்."

"அவங்க இல்லாதப்ப மத்தவன் வந்தா?"

"பெஞ்சு எதுக்குப் போட்டு வெச்சிகிது? வர்ற வரைக்கும் குந்த வேண்டியதுதான். அவன் யாரா இருந்தாலும் சரி."

"நல்ல ரூலு," என்றாள் ரமாபாய். "நான் குடுத்த சத்தியத்த மீற மாட்டேன். நங்கை எந்த ரூலுக்குக் கட்டுப்பட்டாளோ, அந்த ரூலுக்கு நானும் கட்டுப்படறேன். நாளையிலேர்ந்து நம்ம வூட்லயும் அதான்."

கிருஷ்ணப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருத்தியை நாலு தாளில் மடக்கியாயிற்று. அன்றைக்கு இரண்டு குடத்தையும் அவரே மாடிக்குத் தூக்கிப்போனார். ஜெயித்தவனுக்குப் பாரம் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்கு டீ வந்தது. ஏலக்காய் போட்ட டீ.

"நல்லா கீதா?" என்றாள் ரமாபாய்.

"சூப்பரா கீது."

"பேப்பருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். கிருஷ்ணப்பனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அன்றைக்கு முழுக்கக் கேட்டில் அவருக்கு ஒரே குஷி. பாஸ் இல்லாமல் வந்த மூன்று பேரைப் பெஞ்சில் குந்தவைத்தார். மூன்று பேரிடமும் கொஞ்சம் அன்பாகவே சொன்னார்.

இரண்டு நாற்பதுக்கு வீடு திரும்பினார். கதவில் பூட்டு தொங்கியது.

அந்தக் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று உண்டென்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவர் சாவி எடுத்துப் போனதில்லை. எடுத்துப் போக வேண்டி வந்ததில்லை, உள்ளே எப்போதும் ஆள் இருந்தது. வாசலில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் கோடு போட்ட நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. பக்கத்தில் கவிழ்த்த குடம் ஒன்று. எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, இடுப்பில் சாவி செருகி, சொக்கம்மாள்.

"ரமா எங்க?"

சொக்கம்மாள் நோட்டைக் காட்டினாள். முதல் வரியில் ரமாபாய் எழுத்து, குண்டு குண்டாக. பெயர்: ரமாபாய். என்ன வேலை: பள்ளிக்கூட வேன் ஓட்ட. வெளியே போன நேரம்: 5.45. அனுமதி கொடுத்தவர்: ரமாபாய்.

கிருஷ்ணப்பன் நோட்டைத் தட்டினார். "இன்னாக்கா அநியாயம் இது? சத்தியம் பண்ணா. நீதான் சாட்சி. நங்கை கோட்டைக்குள்ளதான தங்கினா?"

"பாஸு இல்லாததால தங்கினா. இவளாண்ட பாஸு கீது. பாஸோட போனா தப்பில்லன்னு நீதான நேத்து சொன்ன?"

"இவளுக்கு பாஸ் குடுக்கறதுக்கு இவ யாரு? இது என் வூடு."

சொக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. மோவாயால் நிலைப்படிக்குப் பக்கத்தில் காட்டினாள். அங்கே வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தது. இந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டையும் பெண்கள் பெயரில்தான் கொடுத்திருந்தார்கள். 'ஒதுக்கீடு பெற்றவர்: திருமதி ரமாபாய். கணவர்: கிருஷ்ணப்பன்.' மழையில் நனையக் கூடாதென்று லேமினேட் செய்தது கிருஷ்ணப்பன். ஆணி அடித்ததும் அவர்தான். தினம் இரண்டு தடவை அதைக் கடந்து போகிறவர், அன்றைக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

படித்து முடித்தபோது காலில் இருந்த சேஃப்டி ஷூ வெயிலில் சுட்டது. வயிற்றில் பசி. உள்ளே சோறு இருக்கும், வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது. பிராங்கிளின் தன் வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே, பார்க்காத மாதிரி பார்த்தான்.

"அக்கா, சாவியக் குடு. பேசிக்கலாம்."

"மொதல்ல எயுது நைனா."

எழுதினார். வேறென்ன செய்வது, ரிஜிஸ்டரைக் கண்டால் அவர் கை தானாக எழுதும். பெயர்: கிருஷ்ணப்பன். வண்டி எண்: இல்லை. என்ன வேலை என்ற இடத்தில் யோசித்து, சாப்பாடு என்று போட்டார். உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்துக்குப் பேனா போனதும் சொக்கம்மாள் தடுத்தாள்.

"அத்த உள்ள போனப்பறம் எயுது. இப்ப வெளியதான கீற. யாரப் பாக்கணும், அத்தப் போடு."

'ரமாபாய்' என்று எழுதினார்.

சொக்கம்மாள் நோட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் நிதானமாகப் படித்தாள். மூடினாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"மேடம் வெளிய போயிகீறாங்க. வர்ற வரைக்கும் அப்டி ஓரமா குந்து."